கெட்ட பேரெடுத்த கரையில் நாலு நாள்

கெட்ட பேரெடுத்த ஒரு நாட்டுக்கு உல்லாசமாகக் கடலில் குளிக்கப் போகலாமா? அதுவும் கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில், பேரம் பேசி, மலிவாக? போராட்டம், வழக்கு, நிலம் என்று எழுதுகிற இந்தப் பக்கங்களில் உல்லாசப் பயணத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. யார் எங்கே போகலாம், யார் எங்கே போகக்கூடாது என்பதுதானே சாதியின் முதல் சட்டம்.

விசயம் இதுதான். 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் நடுவே பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம்தான். எங்க ஊரிலிருந்து சென்னைக்குப் போவதைவிடச் சீக்கிரம் வேறொரு நாட்டில் இறங்கிவிடலாம். நான் நாகை மாவட்டத்துச் சேரி ஒன்றில் பிறந்த பள்ளிக்கூட வாத்தியார். துணைவி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அவர் போட்ட சீட்டு விழுந்தது. ஆளுக்கு இருபதாயிரம், நாலு நாள், மழையும் காற்றும் ஓய்ந்த மாசி மாதம் என்று கணக்குப் போட்டோம். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள், காரைநகர் கசூரினாக் கடற்கரை. முடிந்தால் பஸ் பிடித்துத் திருகோணமலை, நிலாவெளி. "கடல்ல குளிச்சிட்டு மணல்ல சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்" என்றார் துணைவி.

திட்டத்தை வெளியே சொன்னதும் இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்தது. மைத்துனர் சொன்னார்: "அங்க எதுக்கு மச்சான்? குண்டு வெடிக்கிற நாடு. சோத்துக்கே வழியில்லாம பெட்ரோலுக்கு வரிசையில நின்ன நாடு. போயி மாட்டிக்கிட்டீங்கன்னா?" சங்கத் தோழர் ஒருவர் சொன்னது வேறு மாதிரி: "அத்தனை தமிழனக் கொன்ன நாட்டுக்கு நீங்க காசு கட்டிக் குளிக்கப் போறீங்களா தோழர்?"

இரண்டுமே கெட்ட பேர்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, அந்த இடம் ஆபத்து என்கிறது. இரண்டாவது, அந்த இடம் பாவம் செய்தது என்கிறது. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆபத்து என்கிற கெட்ட பேர் எப்படி ஒட்டுகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அந்தத் தெருப்பக்கம் போகாதே, குடிகாரப் பயலுவ, கை நீட்டுவானுவ" என்று ஊரில் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர். இருட்டிவிட்டால் எங்கள் தெருவுக்கு ஆட்டோ வராது. வெட்டுப்பட்டவன் சேரிக்காரனாக இருப்பான், வெட்டுக்குத்து நடக்கிற இடம் என்ற பேரும் சேரிக்கே வரும். எரித்தவன் தெருவுக்கு ஒரு பேரும் கிடையாது. எரிந்த தெருவுக்குத்தான் 'பதட்டமான பகுதி' என்ற பேர். இப்படிப்பட்ட பேரைச் சுமந்தே வளர்ந்தவன், இன்னொரு இடத்தைப் பற்றி அதே மாதிரி ஒரு பேர் சொல்லப்படும்போது கேட்டதும் தலையாட்டக் கூடாது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வெளிநாட்டுக்காரர்களும் செத்தார்கள். ஆனால் பெரும்பாலோர் அந்த நாட்டவர்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் பூசைக்குப் போன சிங்களரும் தமிழரும். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்றவர்களும் அவர்கள்தான். ஆபத்து என்பது முதலில் அங்கேயே இருக்கிறவர்களுக்கு. நாலு நாளில் திரும்பிவிடுகிறவனுக்கு அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். கணக்குப் போட்டுவிட்டுப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பயந்து போகாதவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயத்தை ஒழுக்கம் என்று பேர் மாற்றிச் சொன்னால்தான் குறை.

நாலாவது நாள் தோழர் இன்னொன்றும் கேட்டார். "நம்ம வேளாங்கண்ணியில இல்லாத கடலா?" கடல் இருக்கிறது. உள்ளூரில் எங்கே போய் உட்கார்ந்தாலும் பத்து நிமிசத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்பதும் இருக்கிறது. பயணம் என்பது நமக்கு வெறும் வேடிக்கை பார்ப்பதல்ல. தெருப்பேர் தெரியாத இடத்தில் நாலு நாள் ஆளாக இருந்து பார்ப்பது. துணைவி ஒருதடவை சொன்னார்: "நாம பஸ் ஏறினதெல்லாம் சாவுக்கு, கோர்ட்டுக்கு, மாநாட்டுக்கு. சும்மா போனதே இல்ல." என் அம்மா கடற்கரைக்குப் போனதுண்டு. நெல்லைக் கொடுத்துக் கருவாடு மாற்றிவர. கடலில் கால் நனைக்க அவளுக்கு நேரம் இருந்ததாக நினைவில்லை.

அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு சுற்றுலாவைப் பற்றி எழுதியிருக்கிறார். 1934இல் தோழர்கள் சுமார் முப்பது பேருடன் எல்லோராவின் பவுத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வழியில் தவுலதாபாத் கோட்டை. அது ரம்ஜான் மாதம். பயணத் தூசு போக வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவியதற்கு, தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று ஆயுதம் ஏந்திய காவலாளைக் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். அந்த நூலுக்கு வைத்த பேரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. சொந்த நாட்டுக்குள் விசா கேட்டு நின்றவர்களின் பிள்ளைகள் நாம். அதனால் ஊர் சுற்றுவதும் தண்ணீரில் இறங்குவதும் நமக்கு அற்ப ஆசை இல்லை. அது உரிமை. ஆனால் என் உரிமை இன்னொருவர் முதுகின் மேல் ஏறி நின்றால் அது உரிமையாகவே இருக்குமா? தோழரின் கேள்வி அங்கேதான் குத்துகிறது.

ஒரு நாட்டைப் புறக்கணிப்பது சரியான ஆயுதமாக இருந்த காலங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1953இல் வந்த ஒரு சட்டம் பூங்கா, பேருந்து, கடற்கரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் டர்பனில் நல்ல கரையில் கால் வைக்க முடியாது, 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகை நிற்கும். 1989இல் கறுப்பு மக்கள் அந்தக் கரைகளில் கூட்டமாக இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் கடற்கரைகளை எல்லாருக்கும் திறப்பதாக அரசு அறிவித்தது. அதுவரை அந்த நாட்டோடு உறவு வேண்டாம் என்று உலகத்தைப் பார்த்துச் சொன்னது யார்? ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ். அடிபட்டவர்களின் இயக்கம். அவர்கள் சொன்னார்கள், உலகம் கேட்டது. அதுதான் அந்தப் புறக்கணிப்பின் நியாயம்.

பர்மாவில் இராணுவ ஆட்சி 1996ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தது. சாலை போடவும் அகழி தூர்வாரவும் ஜனங்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். இப்போது வராதீர்கள் என்றார் ஆங் சான் சூகி. 2011இல் அவர் கட்சி, தனியாக வருகிறவர்கள் வரலாம் என்று தளர்த்தியது. இதுவும் சரியாகத்தான் தோன்றியது. ஆனால் 2017இல் ராக்கைன் மாநிலத்தின் வடக்கிலிருந்து ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர் அதே சூகி. 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் போய் தன் நாட்டுக்காக வாதாடினார். பர்மாவின் பேர்பெற்ற கடற்கரையான நபாலி இருப்பது அதே ராக்கைன் மாநிலத்தில்தான். வா என்று சொல்லவும் வராதே என்று சொல்லவும் அதிகாரம் பெற்றிருந்தவருக்கு, ரோஹிங்கியா ஒருவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்குமா?

நான் வந்து சேர்ந்த இடம் இது. ஒரு நாட்டுக்குப் போகலாமா என்பதை அந்த நாட்டின் பேரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அங்கே அடியில் இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர்களுக்கும் அடியில் யாராவது இருக்கிறார்களா என்று இன்னொருதடவை குனிந்து பார்க்க வேண்டும். சாதிச் சமூகத்தில் பிறந்தவனுக்கு இந்த இரண்டாவது குனிதல் பழக்கமானது. 'தமிழர்' என்று மேடையில் சொன்னால் அதற்குள் நாம் இருக்கிறோமா என்று தேடிப்பார்த்தே பழகியவர்கள் நாம்.

இந்த அளவுகோலோடு இலங்கைக்கு வருவோம். 2009இல் வன்னியில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. போர் முடிந்ததும் அந்த அரசு செய்தவற்றில் ஒன்று, கரைகளைத் திறந்து சுற்றுலாவுக்கு ஆள் கூப்பிட்டது. கூப்பிட்டது அரசு மட்டுமல்ல. படையே விடுதி நடத்தியது. காங்கேசன்துறையில், 1990 ஜூனில் சனங்களை விரட்டிவிட்டு உயர் பாதுகாப்பு வலயமாக்கிய நிலத்தில், கடலைப் பார்த்தபடி 'தல்செவன' என்று இராணுவத்தின் விடுதி. நந்திக்கடல் ஓரத்தில், எத்தனையோ பேர் செத்து மிதந்த அந்தத் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி, 2012இல் ஒரு பங்களா. பாசிக்குடாப் பக்கம் கல்குடாவில் ஒன்று. கடற்படைக்கும் தனியாக விடுதிகள்.

விலை பார்த்துக்கொண்டு வந்தபோது துணைவி நிறுத்தி நிறுத்திப் பார்த்ததும் இப்படி ஒன்றைத்தான். படத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அறை சுத்தம். "இது யாருது?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த எடத்துக்காரங்க எங்க இருக்காங்க?" என்றார். எல்லாப் பயணியும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் எந்த விளம்பரத்திலும் அதற்குப் பதில் இருக்காது.

இதைத் தமிழர் நிலம், சிங்களப் படை என்று மட்டும் முடித்துவிட முடியாது. அறுகம்பேயிலிருந்து தெற்கே போனால் பாணமை. பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், மீனவர்கள். 2010 ஜூலையில் அவர்களுடைய குடிசைகளைக் கொளுத்தி விரட்டினார்கள். நிலம் படைகளின் கைக்குப் போனது. அங்கேயும் சுற்றுலா விடுதி எழுந்தது. 2015 பிப்ரவரியில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் அந்தச் சனங்கள் போராட வேண்டியிருந்தது. கடற்கரைக்கு விலை ஏறினால் கரையில் இருக்கிற ஏழை போக வேண்டும். அவன் பேசுகிற பாசை எதுவானாலும்.

ஆக, 'அந்த நாடு' என்று ஒரே பிண்டமாகச் சொல்வது தப்பு. 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்சவை நாட்டைவிட்டு ஓடவைத்தவர்களும் அந்த நாட்டுச் சனங்கள்தான். ஒரே பிண்டமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2012 செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் வந்திருந்த இலங்கை யாத்திரிகர்களை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். திருச்சிக்குப் போகிற வழியில் அவர்கள் போன பஸ்களைத் தாக்கினார்கள். அடி வாங்கியது படைத்தளபதியா? மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஆணும் பெண்ணும் பிள்ளைகளும். ஊர்க்காரன் தப்புக்குச் சேரியைக் கொளுத்துகிறவனுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இனி அந்த இரண்டாவது குனிதல். காங்கேசன்துறையில் கப்பலைவிட்டு இறங்கினால் பக்கத்திலேயே மாவிட்டபுரம். 1968இல் அங்கே கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடக் கேட்டு நின்றார்கள். அடி விழுந்தது, கதவு திறக்கவில்லை. அதே 1968 டிசம்பர் 25 இரவு, இந்தப் பக்கம் கீழ்வெண்மணியில் நாற்பத்து நாலு பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கப்பல் கிளம்புகிற கரையும் போய்ச் சேருகிற கரையும் ஒரே வருசத்தில் ஒரே காரணத்துக்காகக் கெட்ட பேர் எடுத்திருக்க வேண்டியவை. அந்தப் போராட்டக் காலத்து யாழ்ப்பாணத்தைத் தன் நாவல்களில் எழுதிய கே. டானியல் 1986இல் செத்தது நம் தஞ்சாவூரில்தான். சாதிக்கு மட்டும் கப்பல் எந்தக் காலத்திலும் நிற்கவில்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களில் காசும் காணியும் உள்ளவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். இருபத்தைந்து வருசம் கழித்தும் மல்லாகம், கோணப்புலம் பக்கத்து முகாம்களில் எஞ்சிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்கள். 'நிலத்தைத் திருப்பிக் கொடு' என்ற கோரிக்கை நிறைவேறினாலும், பேரில் நிலமே இல்லாதவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்? அதே 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அடிபட்ட சனத்துக்குள்ளேயே இத்தனை அடுக்கு. வெளிநாட்டு நகரத்தில் இருந்துகொண்டு 'யாரும் போகாதே' என்கிறவரும், கரையில் நாலு அறை கட்டிவைத்து 'வாங்கோ' என்கிறவரும் இருவருமே தமிழர்தான். முகாமில் கிடந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் ஒரு மீனவரிடம் "கெட்ட பேர் எடுத்தது யார்?" என்று கேட்டால் நம் தோழர் எதிர்பார்க்கிற பதில் வராது. நாகையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் இழுவைமடிப் படகுகள் இரவில் அவர்கள் கடலுக்குள் போகின்றன. வலைகளை அறுத்துக்கொண்டு, அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு வருகின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் தடை செய்தது. நம் கடலோரத்தில் அது ஓயவில்லை. நம் கூலி மீனவனைச் சுட்ட, சிறைபிடித்த அந்தக் கடற்படையின் குற்றம் இதனால் கழுவப்பட்டுவிடாது. ஆனால் போரில் எல்லாம் போய், ஒரு சின்னப் படகும் கொஞ்சம் வலையுமாக மறுபடி தொடங்கிய தமிழ் மீனவனின் வலையை அறுப்பது நம் கரைப் படகு. அந்தக் கரைக்கு நாகையிலிருந்து இறங்குகிற நான் கெட்ட பேர் எடுத்த நாட்டுக்குப் போகிறவனா, கெட்ட பேர் எடுத்த நாட்டிலிருந்து வருகிறவனா?

அடுத்த கேள்வி சந்தோசத்தைப் பற்றியது. அந்த மண்ணில் போய் கடலில் விளையாடலாமா? சாவு விழுந்த வீட்டுத் திண்ணையில் தாயக்கட்டை உருட்டுவது மாதிரி இல்லையா?

இங்கே நம் அனுபவம் பேச வேண்டும். சேரிக்கு வெளியாட்கள் எப்போது வருகிறார்கள்? எரிந்தால் வருகிறார்கள். உண்மை அறியும் குழு வரும். கேமரா வரும். செத்தவன் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுவார்கள். பெண் சடங்கானதுக்குச் சாப்பிட வா, பொங்கலுக்கு மாட்டுக்கறி ஆக்கியிருக்கோம் வா என்றால் வரமாட்டார்கள். அழுகிற சனமாக மட்டும் நம்மைப் பார்க்கிறவர்களின் அனுதாபத்தில் ஒரு தீண்டாமை இருக்கிறது. அதையே நான் இன்னொரு சனத்துக்குச் செய்யலாமா? 'நீங்க அழுதுகிட்டே இருங்க, நாங்க தூர நின்னு துக்கம் கேக்குறோம்' என்று ஒரு நாட்டின் கரையை மயானமாகவே வைத்திருக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? கசூரினாக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை குளிக்கிறவர்கள் அங்கத்துச் சனங்கள்தான். செத்தவர்களின் அக்கா தங்கச்சிதான்.

நம் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். பிணம் எடுத்துப் புதைக்க வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் ஆட்கள். நிவாரண முகாமில் தனியாக உட்காரவைக்கப்பட்டவர்களும் நம் ஆட்கள். அந்தக் கரையில்தான் இப்போதும் லட்சக்கணக்கில் வந்து குளிக்கிறார்கள். யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. மறக்காமல் குளிப்பது ஒன்று. மறப்பதற்காகவே குளிப்பாட்டுவது வேறு. நந்திக்கடல் பங்களா இரண்டாவது வகை. அங்கே சன்னலைத் திறந்தால் தெரிவது வெறும் 'அழகிய காட்சி' என்று ஆக்குவதற்காகவே அது கட்டப்பட்டது. சந்தோசம் குற்றமில்லை. அடையாளத்தை அழிக்கிற கூலியாளாகச் சந்தோசம் மாறினால் அது குற்றம்.

மலிவுக்கு வருவோம். இதைத்தான் யாரும் ஒழுக்கக் கேள்வியாகப் பார்ப்பதில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு இருநூறு இலங்கை ரூபாய். மே மாதத்துக்குள் சுமார் முந்நூற்று அறுபது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. அப்போதிலிருந்து நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. சத்துணவுக்கூடச் சம்பளக்காரர் ஒருவர் வெளிநாட்டில் கடற்கரை அறை எடுக்க முடிகிறதென்றால் காரணம் நாங்கள் மேலே போனதல்ல. அவர்கள் கீழே விழுந்தது. அந்த நாட்டில் பால் மாவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற பெண்ணின் கூலி சுருங்கியதுதான் என் பயணத்தின் மலிவு.

அதற்காக ஏழை ஊர் சுற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பணக்காரன் மட்டும் சுற்றுவான், அவன் போவது படை விடுதிக்கும் பெரிய ஓட்டலுக்கும்தான். பாசிக்குடாவில் போருக்குப் பிறகு வரிசையாகப் பெரிய ஓட்டல்கள் வந்தன. படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் இடமில்லாமல் மீனவர்களின் கரை சுருங்கியது. நம்மைப் போன்றவர்கள் பெட்டிக்கடையில் இடியப்பம் தின்று, தட்டிவைத்த வீட்டு அறையில் படுத்து, அரசு பஸ்ஸில் போவோம். அந்தப் பணம் சில்லறையாக, பல கைகளில் விழும். கம்மிச் செலவுப் பயணத்தின் நல்ல பக்கம் அது. கெட்ட பக்கம் பேரம். ஏற்கெனவே விழுந்துகிடக்கிற விலையை மேலும் மிதித்து இறக்கிவிட்டு, "சீப்பா முடிச்சிட்டேன்" என்று ஊரில் வந்து பெருமை பேசுவது. நாள் முழுக்க நாற்று நட்டவளிடம் கூலியில் கால் படி குறைத்த பண்ணையார் செய்தது அதுதான். அவனும் அதைச் சிக்கனம் என்றுதான் சொன்னான்.

"சரி தோழர், இவ்வளவு யோசிச்சு என்ன முடிவு பண்ணினீங்க?" என்று கேட்பீர்கள். போவது என்றுதான் முடிவு செய்திருக்கிறோம். திட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. படையின் கூரைக்குக் கீழே படுப்பதில்லை, அதன் தட்டில் சாப்பிடுவதில்லை. எந்த விடுதியானாலும் "இது யார் இடம், முன்னால யார் இருந்தாங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறை. கேட்ட விலையைக் கொடுப்பது. கொடுக்க முடியாவிட்டால் நாலு நாளை மூன்று நாளாக்குவது. நிலாவெளியை விட்டுவிட்டு, அந்தப் பணத்தையும் நேரத்தையும் வலிகாமம் பக்கத்திலேயே செலவழிப்பது. மாவிட்டபுரத்துத் தேரைப் பார்க்காவிட்டாலும் அந்த வாசலைப் பார்ப்பது. கூப்பிட்டால் ஒழிய யார் வீட்டுக்குள்ளும் கேமராவோடு நுழைவதில்லை. மீனவர் யாராவது இழுவைமடியைப் பற்றிக் கேட்டால், "நாங்க வேற, அவங்க வேற" என்று நழுவாமல் உட்கார்ந்து கேட்பது.

நாளைக்கே அந்த முகாம்களில் கிடந்த சனங்களோ, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தெருவில் உட்கார்ந்த தாய்மார்களோ "இப்போ வராதீங்க" என்று சொன்னால் போகமாட்டோம். சீட்டுப் பணத்தைத் திரும்பப் போட்டுவிடுவோம். அவர்கள் சொல்லுக்கு அந்தப் பலம் உண்டு. நம் மேடைப் பேச்சுக்கு இல்லை.

இந்த முடிவில் எனக்கு முழுத் திருப்தி இருக்கிறதா என்றால் இல்லை. நான் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் வரி என்று ஒரு பங்கு அந்த அரசுக்குப் போகும். அதிலிருந்து ஒரு பங்கு படைக்குப் போகும். எவ்வளவு பார்த்துச் செலவழித்தாலும் அதைத் தடுக்க என்னால் முடியாது. இதே கணக்கில் பார்த்தால் இங்கே நான் வாங்குகிற தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அந்த வரியில்தான் 2018இல் தூத்துக்குடியில் சுட்ட துப்பாக்கியும் வாங்கப்பட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு யாழ்ப்பாணத்துத் தோழர், "தமிழ்நாடு கெட்ட பேர் எடுத்த நாடு, தஞ்சாவூர்க் கோயில் பார்க்க நான் வரமாட்டேன்" என்று எழுதினால் நாம் என்ன பதில் சொல்லுவோம்? நான் என்ன சொல்லுவேன் என்று எனக்குத் தெரியும். "வாங்க. கோயிலையும் பாருங்க. ஆனா எங்க தெருவுக்கும் வந்து ஒருவாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."